கழற்றி வைத்த மீட்டர்

அத்தியாயம் 12

காலை ஏழரை மணிக்குள் அந்த வீட்டில் இரண்டு பேர் பொய் சொல்லியிருந்தார்கள். பெரியவளுக்கு அது தெரிய மத்தியானம் ஆனது.

முதல் பொய் அம்மாவுடையது. "உன் தம்பி சீக்கிரமே கிளம்பிட்டான். உன் வேலையாத்தான் போறேன்னான்" என்றாள், டீயை வடிகட்டிக்கொண்டே. இரண்டாவது பொய் அம்மாவின் மருமகள், தம்பி மனைவியுடையது. அவள் வாய் திறக்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினாள்.

"சரி" என்று டீயை எடுத்துக்கொண்டு பெரியவள் மாடிக்குப் போனாள். தம்பியோடு ஒரு வாரமாகச் சரியான பேச்சு இல்லை. அறிக்கையின் அட்டையில் யார் பெயர் முன்னால் வருவது என்று தொடங்கி, மாடிக் கதவு அறையப்பட்டதில் முடிந்த சண்டை அது. அவன் சொல்லாமல் கிளம்பியதில் அவளுக்கு ஆச்சரியமில்லை. உள்ளூர ஒரு நிம்மதிகூட இருந்தது. கடைசி நாளில் சண்டை இல்லாமல் வேலை ஓடும்.

அக்காவும் தம்பியும் சேர்ந்து எட்டு வருடங்களாக மாடி அறையில் நடத்தும் தொழிலை அம்மாவால் இன்றுவரை யாருக்கும் ஒழுங்காக விளக்க முடிந்ததில்லை. "கம்பெனிங்க பண்ற அழுக்கை எண்ணி எழுதிக் குடுக்கறாங்க" என்பாள். பெரியவள் விளக்கினால் பத்து நிமிடம் ஆகும். ஒரு ஆலை எவ்வளவு தண்ணீர் எடுக்கிறது, எவ்வளவு வெளியே விடுகிறது, எவ்வளவு எரிக்கிறது, எத்தனை தொழிலாளிகளுக்கு அடிபட்டது என்பதையெல்லாம் அளப்பதற்குத் திட்டம் போட்டுக் கொடுத்து, வருடம் முழுக்கக் கூடவே இருந்து, கடைசியில் வெளியாட்கள் நம்பும்படி ஓர் அறிக்கையாக எழுத வைப்பது. நிலைத்தன்மை அறிக்கை என்று பெயர். அம்மாவின் விளக்கத்திலும் தப்பில்லை.

இன்று மாலை ஐந்து மணிக்குள் சாய ஆலையின் அறிக்கை போக வேண்டும். அந்த ஆலையின் துணியில் முக்கால்வாசியை எடுத்துக்கொள்ளும் நிறுவனம் ஒரு நிபந்தனை வைத்திருந்தது. அறிக்கை ஆலையிலிருந்து வரக்கூடாது. எழுத உதவியவரே நேரடியாக அனுப்ப வேண்டும். கூடவே, இந்த எண்கள் எப்படி எடுக்கப்பட்டன என்பதற்கு நான் பொறுப்பு என்று அவர் கையெழுத்திட்ட கடிதம் இருக்க வேண்டும். கடிதம் இல்லையென்றால் அடுத்த வருடத்து ஆர்டர் இல்லை.

அந்தக் கையெழுத்து பெரியவளுடையது.

மெயிலைத் திறந்தாள். மீட்டர்களைச் சோதித்துச் சான்றிதழ் கொடுக்கும் ஆய்வகத்திலிருந்து பதில் வந்திருந்தது. சாயத் தண்ணீர் வெளியே போகும் மூன்றாவது குழாயில் இருக்கும் மீட்டரின் சான்றிதழ் இன்னும் சேரவில்லை. "வந்துடும்க்கா, வந்துடும்" என்று பத்து நாளாகத் தம்பி சொல்லிக்கொண்டிருந்தான். பொறுக்க முடியாமல் நேற்று அவளே ஆய்வகத்துக்கு எழுதியிருந்தாள். இதோ, வந்துவிட்டது.

ஒரு பக்கச் சான்றிதழ். மீட்டர் சரியாக அளக்கிறது, கவலை வேண்டாம். இணைப்பில் சேர்த்துவிட்டு மூடப் போனவள், கீழே இருந்த, போன வருடத்து ஒரே மாதத்தின் இரண்டு தேதிகளைப் பார்த்தாள்.

மீட்டர் ஆய்வகத்துக்கு வந்தது: நான்காம் தேதி காலை. திருப்பி அனுப்பப்பட்டது: இருபத்திரண்டாம் தேதி மாலை.

மீட்டரைக் குழாயிலிருந்து கழற்றினால்தான் ஆய்வகத்துக்கு அனுப்ப முடியும். கழற்றிய மீட்டர் எதையும் அளக்காது. அப்படியென்றால் அந்த மாதம் நான்கிலிருந்து இருபத்திரண்டு வரை, மூன்றாவது குழாய்க்கு எண்ணே இருக்கக்கூடாது.

தண்ணீர்க் கணக்குத் தாளைத் திறந்தாள். பத்தொன்பது வரிசைகளிலும் எண் இருந்தது.

அவர்கள் தாளில் ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் 'யார் பார்த்தது' என்று ஒரு கட்டம் உண்டு. ஆளில்லாத எண் அறிக்கைக்குள் வராது என்பது தொழில் தொடங்கிய முதல் நாளே அவள் போட்ட விதி. மற்ற நாட்களில் அந்தக் கட்டத்தில் ஆலையின் பம்ப் ரூம் ஆபரேட்டருடைய குறி இருந்தது. இந்தப் பத்தொன்பது நாளும் தம்பியின் குறி.

அது அவளுக்கு முன்பே தெரியும். அப்போதே கேட்டிருந்தாள். "ஆபரேட்டர் லீவுக்கா, நானே தினம் போய்ப் பார்த்துட்டு வந்துட்டேன்" என்று சொன்னான். சொன்னவன் தம்பி என்பதால் அடுத்த கேள்வி கேட்கவில்லை.

எண்களை மேலிருந்து கீழாக ஒருமுறை படித்தாள். மறுபடியும் படித்தாள். அப்புறம் மூன்று வரிசைகளில் விரலை வைத்தாள்.

ஏழு, பதினான்கு, இருபத்தொன்று. மூன்று ஞாயிற்றுக்கிழமைகளிலும் தண்ணீர் குறைந்திருந்தது. ஞாயிறுகளில் ஆலை பாதிதான் ஓடும்.

அவன் வேலைக்கு வந்த புதிதில், இதே நாற்காலியில் உட்கார வைத்து அவள்தான் சொல்லிக்கொடுத்தாள். "உட்கார்ந்த இடத்துல இருந்து எண் எழுதறவன் ஞாயித்துக்கிழமையை மறந்துடுவான்டா. எல்லா நாளும் ஒரே மாதிரி எழுதி வைப்பான். முதல்ல ஞாயிறைப் பாரு. பொய் அங்கதான் மாட்டும்."

அவன் ஞாயிறை மறக்கவில்லை.

*

ஆலையின் பின்பக்கம் பம்ப் ரூம். வெளியிலிருந்தே மோட்டார் சத்தம் காதை அடைக்கும். சாயமும் சோடாவும் கலந்த வாடை தொண்டைக்குள் உட்கார்ந்துகொள்ளும்.

ஆபரேட்டருக்கு அங்கே மீசை என்று பெயர். மீசை இருந்த காலத்தில் வைத்தது. மீசையை எடுத்து ஆறு வருடமாகியும் பெயர் போகவில்லை.

"வாங்க ரிப்போர்ட்டம்மா! இன்னிக்குத்தானே உங்க பரீட்சை?" என்று கைத்துணியால் ஒரு ஸ்டூலைத் துடைத்துப் போட்டார்.

அவள் உட்காரவில்லை. "போன வருஷம் இந்த மூணாவது மீட்டரைக் கழட்டினப்போ நீங்க லீவா?"

"லீவா? நானா?" மீசை சிரித்தார். "என் கல்யாணத்துக்கே அரை நாள்தாம்மா குடுத்தாங்க. தாலி கட்டிட்டு வந்து வால்வு திருகினவன் நான். கழட்டினதே நான்தான். அந்த இடத்துல ஒரு துண்டு பைப் போட்டு இணைச்சு விட்டேன்."

"அந்த நாள்ல எல்லாம் தண்ணி?"

"தண்ணி நிக்குமாம்மா? போயிட்டுத்தான் இருந்துச்சு."

"சுத்தம் பண்ணித்தானே போச்சு?"

மீசையின் சிரிப்பு நின்றது. அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார். துணியை மடித்தார், பிரித்தார்.

"தெரியாத மாதிரி கேக்கறீங்களே."

"தெரியாமத்தான் கேக்கறேன்."

"தொட்டிக்குக் காத்து அடிக்கிற மோட்டார் எரிஞ்சு போச்சு. காத்து இல்லாம தண்ணி சுத்தமாகாது. புது மோட்டார் வர வரைக்கும் நேரா வெளிய விடுன்னாங்க. மீட்டரை அப்போ அனுப்பினா ரெண்டு வேலையும் ஒண்ணா முடியும்னு மேல முடிவு பண்ணாங்க. பின்னாடி வாய்க்கால்ல முழங்கால் அளவு நுரை. ஒரு நாள் சிவப்பு, ஒரு நாள் நீலம். என் பொண்ணு ஸ்கூலுக்கு அந்தப் பாலத்து மேலதான் போகும். 'இன்னிக்கு என்ன கலர் சாயம்பா'ன்னு கேக்கும்." அவர் குரல் தாழ்ந்தது. "உங்க தம்பிகிட்ட அன்னிக்கே சொல்லிட்டேம்மா. கூட்டிட்டுப் போய் வாய்க்காலைக் காட்டினேன். எல்லாத்தையும் எழுதிக்கிட்டார். 'அக்காகிட்ட நான் சொல்லிக்கறேன், நீங்க யார்கிட்டயும் பேச வேணாம்'னார். நீங்க தெரிஞ்சுக்கிட்டுத்தான் பேசாம இருக்கீங்கன்னு நினைச்சேன்."

ஒரு வருடமாக இந்த மனிதர் அவளைப் பார்க்கும்போதெல்லாம் ஸ்டூலைத் துடைத்துப் போட்டிருக்கிறார். மனதுக்குள் அவளைப் பற்றி என்ன நினைத்துக்கொண்டு போட்டாரோ.

"எனக்குத் தெரியாது" என்றாள்.

"நம்பறேம்மா" என்றார் மீசை. நம்பியவர் மாதிரி தெரியவில்லை. பேச்சை மாற்ற நினைத்து, "எப்படியோ, தம்பி இனிமே எங்க ஆளு. ஆபீசர் ரூமெல்லாம் ரெடியாயிடுச்சு. உங்க குடும்பத்துக்கே சந்தோஷமா இருக்கும்" என்றார்.

"எந்த ரூம்?"

மீசை நாக்கைக் கடித்துக்கொண்டார்.

*

முதல் மாடியில், மேலாளர் அறைக்கு அடுத்த அறை. புதுப் பெயின்ட் வாசனை. கதவில் பலகை மாட்டியிருந்தார்கள். 'நிலைத்தன்மை அதிகாரி'. உள்ளே, கண்ணாடி போட்ட மேஜைக்குப் பின்னால், தம்பி.

அவளைப் பார்த்ததும் எழுந்தான். எழுந்த வேகத்தில் சக்கரம் வைத்த ஆபீஸ் நாற்காலி பின்னால் உருண்டு சுவரில் முட்டியது. சுவரில் இருந்த கடிகாரத்தில் மணி பத்து.

"அக்கா. உட்காரு."

"உட்கார வர்ல. பத்தொன்பது நாள்."

அவன் புரியாத மாதிரி நடிக்கவில்லை. அந்த ஒன்றில் மட்டும் மரியாதை வைத்திருந்தான். இரண்டு கைகளையும் மேஜைமேல் வைத்து உட்கார்ந்தான்.

"சர்டிபிகேட் வந்துடுச்சா?"

"நானே கேட்டு வாங்கினேன்."

"வாங்குவேன்னு தெரியும். இன்னும் ஒரு நாள் லேட்டா வந்திருக்கலாம்." பெருமூச்சு விட்டான். "மோட்டார் இப்போ சரியாயிடுச்சுக்கா. தண்ணி இப்போ சுத்தமாத்தான் போகுது. வேணும்னா நீயே மொண்டு பாரு. முடிஞ்சு போன பத்தொன்பது நாளை எழுதினா ஆர்டர் போயிடும். எழுநூறு பேர் வேலை செய்யறாங்க இங்க."

"எழுநூறு பேரைக் கொண்டாந்து என் முன்னாடி நிறுத்தாதே. மறைக்கிறதுக்கு முன்னாடி என்கிட்ட சொல்லியிருந்தா வழி இருந்துச்சு. 'மோட்டார் போச்சு, இத்தனை நாள் இப்படி நடந்துச்சு, இதைச் செஞ்சு சரிபண்ணோம்'னு எழுதற அறிக்கையைப் படிச்சுட்டு யாரும் ஆர்டரைத் தூக்கிப் போடறதில்லை. உனக்கே தெரியும். நாம அப்படி மூணு எழுதியிருக்கோம்."

"எழுதினது நீ. நான் கட்டம் நிரப்பினேன்."

"என்னடா பேசறே?"

"எட்டு வருஷமா ரெண்டாவது பேருக்கா நான். எங்க போனாலும் 'ரிப்போர்ட்டம்மாவோட தம்பி'. எனக்கு முப்பத்திநாலு வயசு. இன்னும் எவனும் என்னை என் வேலையை வெச்சுக் கூப்பிட்டதில்ல."

"சண்டைக்கு வராம முன்னாடியே கேட்டிருந்தா முதல் பேரா போட்டிருப்பேனே!"

"கேக்கணும் இல்ல?" என்றான் அவன். "அதான்க்கா."

அவள் அந்த மேஜையைப் பார்த்தாள். புது டெலிபோன். புது நோட்டு. மூலையில் மருமகள் கொடுத்தனுப்பியிருந்த சாப்பாட்டு டப்பா. தினமும் மாடிக்கு வரும் அதே நீல மூடி.

"எப்போ சேர்ந்தே?"

"வேலைக்கான ஆர்டர் கைக்கு வந்து மூணு வாரம். இன்னிக்குத்தான் வந்து உட்கார்ந்திருக்கேன்."

"அந்த எண்ணை எழுதினதுக்குக் கூலியா இது?"

அவன் முகம் சிவந்தது. "அப்படி இல்ல."

"பின்னே எப்படி?"

பதில் வருவதற்குள் கதவு திறந்தது. ஆலை மேலாளர். எதற்கெடுத்தாலும் 'பரவாயில்லை' என்பவர் என்பதால் அக்காவும் தம்பியும் தங்களுக்குள் அவருக்குப் பரவாயில்லை சார் என்று பெயர் வைத்திருந்தார்கள். அந்தக் கேலியில் இருவரும் எத்தனை நாள் வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறார்கள். இன்று அவர் தம்பியின் தோளில் கை வைத்து நின்றார்.

"மேடம், கேள்விப்பட்டேன். பரவாயில்லை. சின்ன இடைவெளி. இந்த மாதிரி இடத்துல உத்தேசமா ஒரு எண் போடறது வழக்கம்தானே?"

"உத்தேசம்னு பக்கத்துல எழுதிட்டுப் போடறது வழக்கம் சார். கண்ணால பார்த்தேன்னு எழுதறது இல்ல."

"பரவாயில்லை, வார்த்தைதானே."

"பரவாயில்லைன்னா நீங்களே உங்க வாடிக்கையாளருக்குப் போன் பண்ணிச் சொல்லிடுங்க. சாயங்காலம் அஞ்சு வரைக்கும் நேரம் இருக்கு. நீங்க சொன்னா, 'ஆலையே முன்வந்து சொன்னது'ன்னு எழுதறேன். சொல்லலைன்னா நான் சொல்ற மாதிரி ஆயிடும்."

மேலாளர் தம்பியைப் பார்த்தார். தம்பி மேஜைக் கண்ணாடியைப் பார்த்தான்.

"உங்க தம்பியோட எதிர்காலத்தையும் கொஞ்சம் யோசிங்க மேடம்" என்றார், இந்த முறை பரவாயில்லை சேர்க்காமல்.

வாசல் வரை போனவள் திரும்பினாள். அவளை அரித்தது வேறொரு கேள்வி.

"வீட்ல யாருக்குத் தெரியும்?"

தம்பி புது நோட்டை மூடினான்.

"டேய். வீட்ல யாருக்குத் தெரியும்னு கேட்டேன்."

"வீட்ல போய்க் கேளுக்கா" என்றான்.

*

பஸ்ஸுக்குக் காத்திருந்து வீடு வந்து சேர ஒன்றரை ஆனது. அம்மா சாப்பாட்டு மேஜையில் தட்டு வைத்துக் காத்திருந்தாள். மருமகள் சமையலறை வாசலில் நின்றாள். இருவர் முகத்தையும் பார்த்ததும் பெரியவளுக்குப் புரிந்துபோனது. அவன் போனில் சொல்லிவிட்டிருந்தான்.

"கை கழுவிட்டு வா. சாப்பிட்டுப் பேசலாம்" என்றாள் அம்மா.

"உனக்கு எப்போ தெரியும்?"

"சோறு ஆறிடும்."

"அம்மா."

அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். "வேலை விஷயம் மூணு வாரமா தெரியும். ஆர்டரைக் கொண்டாந்து என் கையிலதான் குடுத்தான்."

"என்கிட்ட சொல்லணும்னு தோணலையா?"

"அவனே சொல்லிக்கறேன்னான்."

"நான் தினமும் இந்த மேஜையில உட்கார்ந்து உன்கிட்ட புலம்பினேன். 'ஏன் இவன் மூஞ்சியைத் தூக்கி வெச்சிருக்கான், என்ன கோபம், நீயாவது கேளேன்'னு. நீ என்ன சொன்னே? 'எனக்கென்ன தெரியும், உங்க ஆபீஸ் விஷயம்'னே."

"வேற என்ன சொல்லச் சொல்றே? சொன்னா நீ தடுத்திருப்பே."

"ஏன் தடுக்கப் போறேன்? வேலைக்குப் போறான்னா வாழ்த்தி அனுப்பியிருப்பேன்!"

"வாழ்த்தியிருப்பே. கூடவே நாலு கேள்வியும் கேட்டிருப்பே. எந்த வேலை, ஏன் குடுத்தான், எதுக்குக் குடுத்தான். உன் கேள்விக்குப் பதில் சொல்லிச் சொல்லியே அவன் இப்படி ஆயிட்டான்." அம்மாவின் குரல் உடைந்தது. ஆனாலும் நிறுத்தவில்லை. "நீ ஜெயிச்சுட்டேடி. உனக்கு ஊரெல்லாம் பேரு. அவனுக்கு என்ன இருக்கு? ஒரு பிள்ளை நிமிர்ந்து நிக்கட்டும்னு நினைச்சது தப்பா?"

"தப்பில்ல. என் முதுகு மேல ஏறி நின்னு நிமிரணுமா?"

தெருவில் ஒரு வண்டி ஹாரன் அடித்துக்கொண்டே போனது.

"தண்ணி விஷயம்?" என்று பெரியவள் கேட்டாள். "அந்தப் பத்தொன்பது நாள் விஷயமும் தெரியுமா உனக்கு?"

"என்ன பத்தொன்பது நாள்?" அம்மா நிஜமாகவே விழித்தாள். பெரியவள் அந்த முகத்தை உற்றுப் பார்த்தாள். காலையில் டீ வடிகட்டும்போதும் இதே முகம்தான் இருந்தது. அதையும் நம்பியிருந்தாள்.

மருமகள்தான் பேசினாள். "அத்தைக்கு அது தெரியாது அண்ணி."

"உனக்கு?"

அவள் புடவைத் தலைப்பை விரலில் சுற்றினாள். "எனக்குத் தெரியும். உங்ககிட்ட சொல்லிடுங்கன்னு நான் எத்தனையோ தடவை அவர்கிட்ட சொன்னேன். 'அக்கா மன்னிப்பா, ஆனா மறக்க மாட்டா'ன்னார். தினமும் அவருக்குச் சோறு கட்டும்போது உங்களுக்கும் சேர்த்துத்தான் கட்டினேன் அண்ணி. உங்க டப்பாவை மூடும்போதெல்லாம் கை கூசும்."

"கூசினா போதுமாம்மா?" என்றாள் பெரியவள். கோபமாகக்கூட இல்லை. களைத்துப் போன குரலில்.

கை கழுவாமலே மாடிக்குப் போனாள்.

*

மூன்று மணி வரை ஆலையிலிருந்து போன் வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. அப்புறம் வேலையில் உட்கார்ந்தாள்.

பத்தொன்பது வரிசைகளையும் தேர்ந்தெடுத்தாள். ஒரே தட்டலில் அழித்தாள். எண்ணோடு தம்பியின் குறியும் போயிற்று. வருட மொத்தம் தானாகவே மாறியது. மொத்தம் மாறியதும் பக்கம் நாற்பத்தொன்றில் இருந்த வரைபடத்தில் ஓர் ஓட்டை விழுந்தது.

அந்த ஓட்டைக்குக் கீழே ஒரு பத்தி எழுத வேண்டும். இதுவரை மூன்று ஆலைகளுக்கு இப்படிப்பட்ட பத்திகளை எழுதிக் கொடுத்திருக்கிறாள். எப்படி எழுதினால் பயமுறுத்தாது, எப்படி எழுதினால் மழுப்பலாகாது என்பதெல்லாம் அத்துபடி. இன்று முதல் வாக்கியத்துக்கே முக்கால் மணி நேரம் ஆனது.

கடைசியில் இப்படி முடித்தாள்:

'நான்காம் தேதி முதல் இருபத்திரண்டாம் தேதி வரை மூன்றாவது குழாயில் மீட்டர் இல்லை. அந்த நாட்களில் காற்று மோட்டார் பழுதானதால் சாயத் தண்ணீர் சுத்திகரிக்கப்படாமல் பின்புற வாய்க்காலில் விடப்பட்டது. எவ்வளவு என்பது அளக்கப்படவில்லை. இதற்கு முந்தைய வரைவுகளில் இந்த நாட்களுக்கு எண்கள் இருந்தன. அவை அளந்தவை அல்ல. அதைக் கண்டுபிடிக்கத் தவறியது எங்கள் நிறுவனம்.'

'எங்கள்' என்ற சொல்லை ஒருமுறை அழித்தாள். 'நான்' என்று போட்டுப் பார்த்தாள். மறுபடி 'எங்கள்' என்றே போட்டாள். இன்னும் சட்டப்படி அவன் பங்குதாரன்தான்.

கடிதத்தில் கையெழுத்துப் போட்டாள். ஸ்கேன் செய்தாள். நான்கு நாற்பதுக்கு அனுப்பினாள். ஆலை மேலாளருக்கும் தம்பிக்கும் நகல் போட்டாள். யாருக்கும் தெரியாமல் செய்யும் காரியம் அல்ல இது.

ஒரு தொழில் முடிந்தது என்று தோன்றியது. அழுகை வரும் என்று காத்திருந்தாள். பசிதான் வந்தது.

நான்கு ஐம்பத்திரண்டுக்குப் பதில் வந்தது. வாங்கும் நிறுவனத்திலிருந்து. ஐந்து மணிக்கு முன் அவர்கள் எதையும் திறந்தே பார்க்க மாட்டார்கள் என்று நினைத்திருந்தாள்.

'குழப்பமாக இருக்கிறது. உங்கள் அறிக்கையும் கையெழுத்திட்ட கடிதமும் இன்று காலை பத்து ஐந்துக்கே, உங்கள் அலுவலக முகவரியிலிருந்தே வந்துவிட்டன. எங்கள் குழு படித்து ஏற்றுக்கொண்டும் விட்டது. இப்போது வந்திருப்பதில் பக்கம் நாற்பத்தொன்று வேறு மாதிரி இருக்கிறது. இரண்டிலும் உங்கள் கையெழுத்து இருக்கிறது. எது உங்களுடையது?'

காலையில் வந்ததாகச் சொன்ன கடிதத்தையும் இணைத்திருந்தார்கள். திறந்தாள். அவள் கையெழுத்துதான். போன வருடத்து ஏதோ ஒரு கடிதத்திலிருந்து வெட்டி ஒட்டியது. ஓரத்தில் பழைய காகிதத்தின் கோடுகூட லேசாகத் தெரிந்தது.

தம்பிக்குப் போன் போட்டாள். முதல் மணியிலேயே எடுத்தான்.

"அனுப்பிட்டியேக்கா" என்றான். குரலில் கோபம் இல்லை. அடிபட்டவன் குரல்.

"நீ எனக்கு முன்னாடியே அனுப்பிட்டியே. காலையில பத்து அஞ்சுக்கு. என் கையெழுத்தை வெட்டி ஒட்டி."

"என்ன?"

"நடிக்காதடா."

"எதை அனுப்பினேன்? அக்கா, பத்து அஞ்சுக்கு நீ என் எதிர்லதானே நின்னுட்டிருந்தே?"

உண்மைதான். அப்போது அவன் இரண்டு கைகளும் மேஜைமேல் இருந்தன. ஆனால் மெயிலுக்கு நேரம் குறித்து வைத்தால் அது தானாகவே போகும். அந்த வசதியை அவளுக்குக் காட்டிக் கொடுத்தவனே அவன்தான்.

"எண்ணை நான் எழுதினேன். வேலையை மறைச்சேன். ரெண்டும் நான்தான்" என்றான். "இது நான் இல்லக்கா. உன் கையெழுத்தை நான் தொட மாட்டேன்."

சின்ன வயதில் அவன் பொய் சொன்னால் அடுத்த அறையிலிருந்தே அவளுக்குத் தெரிந்துவிடும். பள்ளிக்கூடத்தில் அடி வாங்கியது, காசு தொலைத்தது, சிகரெட் பிடித்தது, எல்லாமே குரலின் முதல் இரண்டு வார்த்தையில் பிடிபடும். இப்போது போனைக் காதோடு அழுத்திக்கொண்டு கேட்டாள். தம்பியின் குரல் தம்பியின் குரலாகவே இருந்தது. அது உண்மையா பொய்யா என்று அவளால் சொல்ல முடியவில்லை.

இன்று முழுக்க அவன் பறித்துக்கொண்டவற்றில் பெரியது இதுதான் என்று தோன்றியது.

"நீ இல்லன்னா வேற யாரு? மாடிக் கம்ப்யூட்டரோட பாஸ்வேர்டு நம்ம ரெண்டு பேருக்குத்தான் தெரியும்."

மறுமுனையில் நாற்காலி உருளும் சத்தம். பின்னால் யாரோ கதவைத் திறந்து மூடும் சத்தம். அவன் எங்கோ நடந்து போனது போலிருந்தது. திரும்பி வந்த குரல் மிகவும் தாழ்ந்திருந்தது.

"நம்ம ரெண்டு பேருக்கு மட்டும் இல்லக்கா. நீ வீட்லயா இருக்கே?"

"ஆமா. மாடியில."

"கதவைச் சாத்திட்டு வா. சொல்றேன்."

மாடிக் கதவு விரியத் திறந்திருந்தது. படிகளுக்குக் கீழே கூடத்தில் அம்மாவும் மருமகளும் பேசுவது நின்றுபோயிருந்தது. மின்விசிறி சுற்றும் சத்தம் மட்டும் மேலே வந்தது.

பெரியவள் எழுந்து கதவு வரை போனாள். கைப்பிடியைத் தொடவில்லை. போனின் ஸ்பீக்கரை அழுத்தி, சத்தத்தை முழுதாகக் கூட்டி, மேல்படியில் உட்கார்ந்தாள்.

"சாத்தல" என்றாள். "இந்த வீட்ல சாத்தின கதவுக்குப் பின்னாடி பேசினது போதும். சொல்லுடா. எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொல்லு."